ஊரில் இருப்பவர் போனில் வாட்ஸ்அப் போட்டுத் தரும்போது

பொங்கலுக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ வரும் பிள்ளைகள், அப்பா அம்மாவுக்கு ஒரு புதுப் போன் வாங்கித் தந்துவிட்டுப் போவது இப்போது வழக்கம். கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ கடையில் வாங்கும்போதே கடைக்காரர் சிம்மை மாற்றிப் போட்டு, அவசரத்துக்கு ஏதோ ஒரு ஜிமெயில் கணக்கைத் திறந்து, வாட்ஸ்அப்பையும் ஏற்றிக் கையில் கொடுத்துவிடுவார். அப்போதைக்கு எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். ஓரிரண்டு வருடம் கழித்து அந்தப் போன் வயலில் தண்ணீரில் விழுந்து, வேறு போன் வாங்கும் அன்றுதான் வினை தெரியும். ஜிமெயில் பெயர் யாருக்கும் தெரியாது, பாஸ்வேர்டு கடைக்காரருக்கே நினைவிருக்காது, பழைய படமும் பேச்சும் ஒன்றுகூடத் திரும்பாது. வாட்ஸ்அப்பை ஏற்றுவது சின்ன வேலை. அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியதில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி உட்காருங்கள். இங்கே சொல்லியிருப்பது ஆண்ட்ராய்டு போனுக்கு.

நம்பரும் ஜிமெயிலும்

வாட்ஸ்அப் கணக்கு என்பது போன் நம்பர்தான். போனில் இரண்டு சிம் இருந்தால், தவறாமல் ரீசார்ஜ் ஆகிற நம்பர் எதுவோ அதில் போடுங்கள். ஆஃபருக்காக வாங்கிய இரண்டாவது சிம்மில் போட்டால் ரீசார்ஜ் தீர்ந்ததும் எஸ்எம்எஸ் வருவது நின்றுவிடும். வாட்ஸ்அப் மட்டும் வேறு சிம்மின் டேட்டாவிலோ வைஃபையிலோ ஓடிக்கொண்டே இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. நீண்ட நாள் ரீசார்ஜ் இல்லாத நம்பரை நிறுவனம் முடக்கி, பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அவர் அதே நம்பரில் வாட்ஸ்அப் போட்டதும் உங்கள் வீட்டுப் போனில் கணக்கு வெளியேறிவிடும். அந்த நம்பர் இருக்கும் குடும்ப குரூப்பில் வருகிற பேச்செல்லாம் அதன்பின் முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போகும். நம்பரை விடப்போவது உறுதி என்றால், சிம் உயிரோடு இருக்கும்போதே வாட்ஸ்அப் செட்டிங்ஸில் அக்கவுண்ட், சேஞ்ச் நம்பர் என்று போய்ப் புது நம்பருக்கு மாற்றிவிட வேண்டும்.

அடுத்தது ஜிமெயில். போன் செட்டிங்ஸில் கூகுள் என்ற இடத்தைத் தொட்டால் எந்தக் கணக்கு ஓடுகிறது என்று தெரியும். கடைக்காரர் போட்டதாக இருந்தால் பாஸ்வேர்டை அப்போதே மாற்றி, ரெகவரி போன் என்ற இடத்தில் உங்கள் நம்பரைக் கொடுங்கள். போன் தொலைந்தால் கணக்கைத் திறக்க உதவும் கோடு, தொலைந்த போனுக்கே போய்ப் பயனில்லை.

ஜிமெயில் பெயர், பாஸ்வேர்டு, பின்னால் வாட்ஸ்அப்புக்கு வைக்கப்போகும் 6 இலக்கப் பின் (ரகசிய எண்), ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் அடையாள எண்ணான ஐஎம்இஐ ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி, வீட்டில் ரேஷன் கார்டும் பாஸ்புக்கும் இருக்கும் பையில் வையுங்கள். ஐஎம்இஐ தெரிய *#06# அடித்தால் போதும். நிறையப் பேர் இந்தச் சீட்டை மடித்துப் போன் கவருக்குள் சொருகி வைக்கிறார்கள். போன் போனால் சீட்டும் சேர்ந்து போகும், எடுத்தவனுக்கு எல்லாமே கிடைக்கும்.

போனில் தேதியும் நேரமும் தானாக அமையும்படி இருக்கிறதா என்றும் பாருங்கள். பேட்டரி முழுக்க இறங்கி எழுந்த பழைய போனில் தேதி தப்பாக இருந்தால் வாட்ஸ்அப் இணையாது. நெட் இல்லை என்று நினைத்து ரீசார்ஜ் செய்துகொண்டிருப்பார்கள்.

ஏற்றும் முறை

1. பிளே ஸ்டோரில் வாட்ஸ்அப் மெசஞ்சர் என்று தேடி, கீழே வாட்ஸ்அப் எல்எல்சி என்று போட்டிருப்பதை மட்டும் இறக்குங்கள். ஜிபி வாட்ஸ்அப் போன்றவை வேறு ஆட்கள் மாற்றிச் செய்தவை. அவற்றைப் போட்டால் கணக்கே தடைபடலாம். பக்கத்தில் இருக்கும் வாட்ஸ்அப் பிசினஸ் உரக்கடை, பாத்திரக்கடை வைத்திருப்பவர்களுக்கு. ஒரே நம்பரை இரண்டிலும் ஒருசேர ஓட்ட முடியாது.

2. மொழியைத் தேர்ந்து, நிபந்தனையை ஏற்று, நாடு இந்தியா, +91 என்று இருப்பதைச் சரிபார்த்து, முன்னால் பூஜ்யம் இல்லாமல் 10 இலக்க நம்பரை அடியுங்கள்.

3. எஸ்எம்எஸ்ஸில் 6 இலக்கக் கோடு வரும். சிம் வேறு போனில் இருந்தால் அங்கே வருவதைப் பார்த்து இங்கே அடிக்கலாம். வரவில்லை என்றால் மறுபடி மறுபடி அழுத்தாதீர்கள். ஒவ்வொரு தடவையும் காத்திருக்கும் நேரம் கூடிக்கொண்டே போகும். எஸ்எம்எஸ் இன்பாக்ஸ் நிரம்பியிருக்கிறதா, டவர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, போன் அழைப்பில் கோடு சொல்லும் வழியைத் தேர்ந்தெடுங்கள்.

4. காண்டாக்ட்ஸ், மைக், கேமரா, நோட்டிஃபிகேஷன் அனுமதி கேட்கும்போது கொடுங்கள். பயந்து போய் வேண்டாம் என்று அழுத்திவிட்டால் பெயருக்குப் பதில் வெறும் நம்பராகத் தெரியும், மெசேஜ் வந்தாலும் சத்தம் வராது. பிறகு போன் செட்டிங்ஸில் ஆப்ஸ், வாட்ஸ்அப், பெர்மிஷன்ஸ் என்று போய்த் திறந்துவிடலாம்.

5. பழைய பேக்கப் (கூகுள் கணக்கில் சேமித்து வைத்த பேச்சின் நகல்) இருக்கிறது, மீட்கவா என்று கேட்டால் ரிஸ்டோரை அழுத்துங்கள். இந்தக் கேள்வி இந்த இடத்தில் மட்டும்தான் வரும்.

ஐந்தாவதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பழைய நம்பரும் பழைய ஜிமெயிலும் இரண்டும் ஒத்துவந்தால்தான் பேக்கப் கண்ணில் படும். புதுப் போனில் புது ஜிமெயில் போட்டிருந்தால் பேக்கப் எதுவும் இல்லை என்றே சொல்லும். பழைய ஜிமெயிலைப் போனில் சேர்த்துவிட்டு வாட்ஸ்அப்பை நீக்கி மறுபடி ஏற்றினால் கிடைக்கும். தெரியாமல் ஸ்கிப் அழுத்திவிட்டாலும் இதே வழிதான். ஆனால் அதை அன்று பகலுக்குள்ளேயே செய்துவிடுங்கள். புதுப் போனில் பேக்கப் ஒருமுறை ஓடிவிட்டால், காலியான கணக்கின் பேக்கப் பழையதன் மேல் எழுதிவிடும். அதற்குப் பிறகு யாராலும் மீட்க முடியாது.

பழைய போன் இன்னும் கையில் ஓடுகிறது என்றால் கூகுளை நம்பியிருக்கவே வேண்டாம். பழைய போனில் சாட்ஸ், டிரான்ஸ்ஃபர் சாட்ஸ் என்று போய், புதுப் போனில் வரும் கியூஆரைப் படித்தால் நேரடியாக மாறிவிடும். இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து, லொக்கேஷனையும் வைஃபையையும் ஆன் செய்திருக்க வேண்டும்.

அன்றைக்கே மாற்ற வேண்டியவை

தினசரி டேட்டா காலையிலேயே தீர்ந்துபோகிறது என்ற புலம்பலுக்குக் காரணம் பெரும்பாலும் குட்மார்னிங் படங்களும் வீடியோக்களும்தான். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, அதில் மீடியா ஆட்டோ டவுன்லோடு. மொபைல் டேட்டா என்ற இடத்தில் நான்கு கட்டங்களிலும் டிக்கை எடுத்துவிடுங்கள். வேண்டிய படத்தை மட்டும் தொட்டால் இறங்கும். சாட்ஸ் பகுதியில் மீடியா விசிபிலிட்டியை அணைத்தால் குரூப் படங்கள் கேலரியில் குவியாது. நாள் அளவு தீர்ந்ததும் பெரும்பாலான பிளான்களில் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகக் குறைந்துவிடும். அப்போது எழுத்து போகும், படம் சுற்றிக்கொண்டே நிற்கும். பழுது போனில் இல்லை.

பிரைவசியில் புரொஃபைல் போட்டோவையும் லாஸ்ட் சீனையும் மை காண்டாக்ட்ஸ் என்று வையுங்கள். குரூப்ஸ் என்பதையும் அப்படியே. பங்குச் சந்தை, பார்ட் டைம் வேலை என்று யாரோ நள்ளிரவில் சேர்த்துவிடும் குரூப்புகளில் பாதிக்குமேல் இதனால் நின்றுவிடும்.

டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் அக்கவுண்ட் பகுதியில் இருக்கிறது. 6 இலக்கப் பின் வைத்து, உங்கள் ஈமெயிலை அதில் கொடுங்கள். யாராவது எஸ்எம்எஸ் கோடை ஏமாற்றி வாங்கினாலும் இந்தப் பின் இல்லாமல் கணக்குக்குள் நுழைய முடியாது. அவ்வப்போது வாட்ஸ்அப்பே திறந்தவுடன் இந்தப் பின்னைக் கேட்கும். மறந்துவிடாமல் இருக்கத்தான் அது. பெரியவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் போன் கெட்டுப்போய்விட்டது என்று கடைக்கு ஓடுவார்கள். ஈமெயில் கொடுக்காமல் பின்னையும் மறந்தால் 7 நாள் காத்திருக்க வேண்டிவரும்.

சாட் பேக்கப்பைத் தினமும் என்று வையுங்கள், ஜிமெயில் சரியானதா என்று ஒருமுறை பாருங்கள், இன்க்ளூட் வீடியோஸை அணைத்துவிடுங்கள். இந்தப் பேக்கப் கூகுளின் இலவச 15 ஜிபிக்குள்ளேதான் சேரும். அது நிரம்பினால் பேக்கப் சத்தமில்லாமல் நின்றுவிடும். ஊருக்கு வரும்போதெல்லாம் கடைசி பேக்கப் தேதி என்ன என்று ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது.

இன்னொன்று பேட்டரி. சில கம்பெனிப் போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று பின்னால் ஓடும் வாட்ஸ்அப்பைத் தூங்க வைத்துவிடும். திறந்து பார்த்தால்தான் மெசேஜ் வருகிறது, கால் வருவதே தெரியவில்லை என்பதெல்லாம் இதனால்தான். ஆப்ஸ், வாட்ஸ்அப், பேட்டரி என்று போய் அன்ரெஸ்டிரிக்டட் என்று வையுங்கள். ஆட்டோ ஸ்டார்ட் என்று ஒன்று தனியாக இருந்தால் அதையும் திறந்துவிடுங்கள்.

பெரியவர்களுக்குப் பழக்குவது

மொழியைத் தமிழில் வைப்பதா, ஆங்கிலத்தில் வைப்பதா? தமிழில் வைக்கலாம், படிக்க எளிது. ஆனால் திருப்பூரிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ போனிலேயே வழி சொல்லப்போகிறவர் தன் போனில் ஆங்கிலம் வைத்திருந்தால், அந்தப் பெயர் இங்கே தமிழில் எப்படி இருக்கிறது என்று தேடியே நேரம் போகும். சொல்பவர், கேட்பவர் இருவர் போனும் ஒரே மொழியில் இருப்பதுதான் முக்கியம்.

எழுத்தைப் பெரிதாக்க சாட்ஸ், ஃபான்ட் சைஸ், லார்ஜ். பிறகு பிள்ளைகளின் சாட்டைத் திறந்து, மேலே மூன்று புள்ளி, மோர், ஆட் ஷார்ட்கட். போன் முகப்பிலேயே மகள் படம் வந்து உட்காரும். அதைத் தொட்டால் நேரே அவளுடைய சாட். எத்தனை பாடம் நடத்தினாலும் இந்த ஒரு படத்துக்கு ஈடாகாது.

எழுதப் பழகாதவர்களுக்கு வாய்ஸ் மெசேஜ் போதும். மைக்கை அழுத்திப் பிடித்துப் பேசி, விரலை எடுத்தால் போய்விடும். பெரியவர்கள் தட்டிவிட்டு உடனே விரலை எடுப்பார்கள், ஒன்றும் பதிவாகாது. அழுத்தியபடியே மேலே தள்ளிப் பூட்டிவிட்டால் விரலை எடுத்துவிட்டு நிதானமாகப் பேசலாம், முடிந்ததும் அம்புக்குறியைத் தொட்டு அனுப்பலாம். இடப்பக்கம் தள்ளினால் ரத்து. வந்த மெசேஜைக் காதில் வைத்தால் சாதாரணப் போன்போல மெல்லக் கேட்கும். சத்தமே வரவில்லை என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் விரலாலோ சட்டைப் பையாலோ மேலே இருக்கும் சென்சாரை மூடியிருப்பார்கள்.

எழுதுகிறவர்களுக்குக் கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டில் தமிழைச் சேர்த்துக் கொடுங்கள். தமிழ் விசைப்பலகை, ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறுவது, விரலால் எழுதுவது என்று மூன்றும் அதில் உண்டு. தமிழ் வகையில் இருந்துகொண்டு மைக்கைத் தொட்டால் பேசுவது எழுத்தாகும். ஊர்ப் பேச்சில் கடகடவென்று சொன்னால் தடுமாறும், ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்திச் சொன்னால் பரவாயில்லை. தமிழ்99 விசை அமைப்பு பழகியவர்களுக்குச் செல்லினம் என்ற விசைப்பலகைச் செயலி இருக்கிறது.

அனுப்பியதில் தப்பு இருந்தால் 15 நிமிடத்துக்குள் எடிட் செய்யலாம். குரூப் மாறிப் போய்விட்டால் அழுத்திப் பிடித்து, டெலீட் ஃபார் எவ்ரிஒன். இரண்டு நாள் கடந்தும் கொஞ்ச நேரம் வரை அது வேலை செய்யும். டெலீட் ஃபார் மீ என்பதைத் தொட்டுவிட்டால் நம் போனில் மட்டும் மறையும், ஊரே படித்துக்கொண்டிருக்கும். தொட்டுவிட்டால் உடனே கீழே வரும் அன்டூவை அழுத்துங்கள்.

வெளிநாட்டு நம்பர்

டெல்டாவில் வாட்ஸ்அப் வேரூன்றியதே சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருப்பவர்களால்தான். நம்பரைச் சேமிக்கும்போது +65, +971 என்று நாட்டுக் குறியீட்டோடு சேமியுங்கள். அங்கே இருப்பவரும் ஊர் நம்பர்களை +91 போட்டே வைத்திருக்க வேண்டும். அங்கே போய் அந்த ஊர் நம்பரில் வாட்ஸ்அப்பைப் போட்டுவிட்டு, வெறும் 10 இலக்கமாக இங்குள்ள நம்பர்களை வைத்திருந்தால், அதை அந்த நாட்டு நம்பர் என்று எடுத்துக்கொண்டு ஆள் வாட்ஸ்அப்பிலேயே இல்லை என்று காட்டும்.

துபாய், அபுதாபி, ஷார்ஜாவில் வாட்ஸ்அப் எழுத்தும் வாய்ஸ் மெசேஜும் போகும், வாட்ஸ்அப் கால் போகாது. அங்கே இணையவழி அழைப்புக்கு அரசின் கட்டுப்பாடு உண்டு. பிள்ளை எடுக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். அங்கே அனுமதி பெற்ற பாட்டிம் போன்ற செயலியை இரண்டு பக்கமும் போட்டுக்கொள்வார்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். இங்கே ராத்திரி பத்துக்குப் போட்டால் சிங்கப்பூரில் பன்னிரண்டரை.

வயலுக்கும் ஆபீசுக்கும்

அறுவடை மிஷின்காரர் வயலைத் தேடி அலையும் நேரத்துக்கும் வாடகை ஓடும். ஆகவே லொக்கேஷன் அனுப்பப் பழகுவது வீண் போகாது. வீட்டிலிருந்து அனுப்பினால் வீட்டுக்குத்தான் வருவார், வயலில் நின்றே அனுப்ப வேண்டும். ஜிபிஎஸ்ஸை ஆன் செய்து, கிளிப் குறியைத் தொட்டு லொக்கேஷன். அனுப்பும் இடத்துக்குக் கீழே எத்தனை மீட்டர் துல்லியம் என்று ஒரு எண் காட்டும். திறந்தவுடன் அது நூற்றுக்கணக்கில்கூட இருக்கும். திறந்த வெளியில் கொஞ்சம் பொறுத்தால் இறங்கிவிடும், அதன் பிறகு அனுப்புங்கள். லைவ் லொக்கேஷன் இதற்குத் தேவையில்லை. அது நாம் நகர நகரக் காட்டுவது, 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று மூன்று அளவில் ஓடும்.

மேப்புக்கு எந்த வாய்க்கால் பாலம் மிஷின் பாரத்தைத் தாங்கும் என்று தெரியாது. குறுக்கு வழி என்று ஒற்றைக்கல் பாலத்துக்கு இழுத்துக்கொண்டு போய் நிறுத்தும். மெயின் ரோட்டிலிருந்து திரும்ப வேண்டிய இடத்தின் லொக்கேஷனையும் தனியாக அனுப்பி, எந்தப் பாலம் வழி வர வேண்டும் என்று ஒரு வாய்ஸ் மெசேஜும் போட்டுவிடுங்கள்.

கொள்முதல் நிலையத்துக்கும் கூட்டுறவு சங்கத்துக்கும் சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் என்று பிரவுசிங் சென்டருக்கு அனுப்பிப் பிரின்ட் எடுப்பது இப்போது சகஜம். போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், சர்வே நம்பர் மங்கிவிடும். கிளிப் குறியில் கேலரியைத் தொடாமல் டாக்குமெண்டைத் தொட்டு அதே படத்தைத் தேர்ந்தால் உள்ளது உள்ளபடி போகும். இணையத்தில் எடுத்த பட்டா, சிட்டா என்றால் பிடிஎஃப்பையே அனுப்புங்கள், அதைத் திரையில் வைத்துப் போட்டோ எடுக்காதீர்கள். பிரின்ட் வந்ததும் அந்தக் கடை சாட்டில் டெலீட் ஃபார் எவ்ரிஒன் கொடுத்து, கடைக் கணினியில் இறக்கியதையும் அழிக்கச் சொல்லிவிட்டு எழுந்திருங்கள். ஆதாரின் முதல் 8 எண்கள் மறைந்த மாஸ்க்டு ஆதார் செல்லுபடியாகும் இடத்தில் அதையே கொடுக்கலாம்.

பயிரில் நோய் கண்டால் வேளாண் அலுவலருக்கு அனுப்பும் படம் மூன்று வேண்டும். பாதித்த இலையின் முன்பக்கமும் பின்பக்கமும் கிட்டத்தில் ஒவ்வொன்று, வயல் முழுதும் தெரிய ஒன்று. காலை வெளிச்சத்தில், இலையின் மேல் திரையைத் தொட்டுத் தெளிவு வந்த பிறகு எடுத்து, மேலே எச்டியை அழுத்தி அனுப்புங்கள். நெல் ரகம் ஏடிடி 45-ஆ, சிஆர் 1009 சப் 1-ஆ, நட்டு எத்தனை நாள், கடைசியாக என்ன உரம், எப்போது போட்டது என்பதையும் கூடவே எழுதுங்கள். வெறும் மஞ்சள் இலை ஒன்றை மட்டும் பார்த்து, தழைச்சத்துக் குறையா, துத்தநாகக் குறையா, நோயா என்று யாராலும் சொல்ல முடியாது.

குரூப்பில் 1024 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் தண்ணீர் முறை அறிவிக்கும் வாய்க்கால் குரூப்பில் இருநூறு பேரும் பேசினால் அறிவிப்பு அடியில் போய்விடும். குரூப் செட்டிங்ஸில் சென்ட் மெசேஜஸ் என்பதை அட்மின்களுக்கு மட்டும் என்று வைத்து, முறைப்பட்டியலைப் பின் செய்துவிடுங்கள். 24 மணி, 7 நாள், 30 நாள் என்று மேலே நிற்கும். அட்மின் ஒருவராக மட்டும் இருக்கக் கூடாது. அவர் போன் கெட்டால் குரூப் அனாதை.

காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் அழைக்க குரூப் தொடங்காதீர்கள், பிராட்காஸ்ட் போடுங்கள். 256 பேர் வரை ஒரே தடவையில் அனுப்பலாம், ஒவ்வொருவருக்கும் தனியாகப் போய்ச் சேரும். ஒரே ஒரு நிபந்தனை, உங்கள் நம்பரைத் தம் போனில் சேமித்திருப்பவருக்கு மட்டும்தான் போகும். எனக்கு அழைப்பே வரவில்லை என்று மாமா முறையினர் கோபித்துக்கொள்வதில் இப்படியும் சில உண்டு.

ஜூன் பிறந்தால் மேட்டூர் நிரம்பி வழியும் பழைய வீடியோக்கள் உலவத் தொடங்கும். ஜூன் 12 அணை திறப்பு வழக்கமான நாள்தான், ஆனால் ஒவ்வொரு வருடமும் அன்றே திறப்பதில்லை. மேலே இரட்டை அம்புக்குறியோடு ஃபார்வர்டட் மெனி டைம்ஸ் என்று இருந்தால், அனுப்பியவர் அதை எழுதவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். அரசு அறிவிப்பில் நீர்மட்டம் எத்தனை அடி என்று பார்த்துவிட்டு நாற்று விடலாம். அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி.

டிக் சொல்வது

கடிகாரக் குறி என்றால் மெசேஜ் உங்கள் போனைவிட்டே கிளம்பவில்லை. ஒற்றை டிக் என்றால் கிளம்பிவிட்டது, அவர் போனுக்குச் சேரவில்லை. அவர் நெட் அணைந்திருக்கலாம், போனே அணைந்திருக்கலாம், நாள்கணக்கில் ஒற்றை டிக்காக நின்று படமும் தெரியவில்லை என்றால் உங்களைத் தடுத்து வைத்திருக்கவும் கூடும். இரட்டை டிக் சேர்ந்துவிட்டது. நீலம் படித்தாயிற்று. நீலம் வராததை வைத்துச் சண்டை போட வேண்டாம், அதை அணைத்து வைக்க வழி இருக்கிறது.

ஏமாற்று வேலைகள்

இப்போது அதிகம் நடப்பது ஏபிகே, அதாவது போனில் செயலியை ஏற்றிவிடும் ஃபைல். கல்யாணப் பத்திரிகை, வாகன அபராதம், விவசாயி உதவித்தொகை என்று ஏதோ ஒரு பெயரில் .ஏபிகே என்று முடியும் ஃபைல் வரும், தெரிந்தவர் நம்பரிலிருந்தே வரும். அவர் போன் ஏற்கெனவே மாட்டியிருக்கும். தொட்டு ஏற்றினால் போனுக்கு வரும் எஸ்எம்எஸ் எல்லாம் திருடன் கைக்குப் போகும், வங்கி ஓடிபி உட்பட. பத்திரிகை படமாகவோ பிடிஎஃப்பாகவோதான் வரும். இதற்கு ஒரு பூட்டு இருக்கிறது. போன் செட்டிங்ஸில் ஆப்ஸ், ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ், இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ், அதில் வாட்ஸ்அப்பை அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே ஏற்றியாகிவிட்டது என்றால் உடனே ஏர்பிளேன் மோடு, அடுத்த போனிலிருந்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்துவது, பிறகு ஃபேக்டரி ரீசெட்.

பார்சல் வந்திருக்கிறது, *401* என்று தொடங்கும் எண்ணை அடியுங்கள் என்று ஒருவன் சொல்வான். அடித்தால் உங்களுக்கு வரும் அழைப்பெல்லாம் அவன் போனுக்குத் திரும்பும். அப்புறம் வாட்ஸ்அப் கோடை போன் அழைப்பில் கேட்டு, உங்கள் கணக்கைத் தன் போனில் திறந்துகொண்டு, சொந்தக்காரர்களிடம் அவசரம், ஐயாயிரம் போடு என்று கேட்பான். தெரியாமல் அடித்துவிட்டால் ##002# அடியுங்கள், எல்லாத் திருப்பலும் ரத்தாகும். லிங்க்ட் டிவைசஸ் பட்டியலில் தெரியாத கணினி ஏதாவது நிற்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் லாக் அவுட்.

போலீஸ் உடுப்பில் வீடியோ காலில் வந்து டிஜிட்டல் அரெஸ்ட் என்பான். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது. காலை வெட்டிவிடலாம். பணம் போயிருந்தால் நேரம் கடத்தாமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். எத்தனை சீக்கிரம் சொல்கிறோமோ அத்தனை சீக்கிரம் பணம் போன கணக்கை முடக்க முடியும்.

மற்ற செயலிகள்

சிக்னல், டெலிகிராம், ஜோஹோவின் அரட்டை என்று வேறும் உண்டு. எது நல்லது என்பதைவிட எதிர்ப்பக்கம் எது இருக்கிறது என்பதே கணக்கு. டெலிகிராமில் சாதாரணச் சாட் இரு முனைக் குறியாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடிகிற பூட்டு) பெற்றதல்ல, அதற்குச் சீக்ரெட் சாட் தொடங்க வேண்டும். வாட்ஸ்அப்பிலும் சிக்னலிலும் அது தானாகவே உண்டு.

புயல் மழையிலும் போன் தொலைந்தாலும்

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா கரையைக் கடந்தபோது கரண்டும் டவரும் சேர்ந்தே விழுந்தன, பல ஊர்களில் நாள்கணக்கில். டவர் இல்லை என்றால் வாட்ஸ்அப்பும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் பவர் பேங்கை எப்போதும் நிறைத்து வையுங்கள், முக்கியமான பத்து நம்பர்களைத் தாளில் எழுதி வையுங்கள். சிக்னல் அரைகுறையாக இருக்கும்போது காலும் வீடியோவும் வேண்டாம். ஒரு வரி எழுதி அனுப்பினால் கடிகாரக் குறியோடு நின்றிருந்து, சிக்னல் வந்த நிமிடம் தானாகப் போகும். அதுவும் போகவில்லை என்றால் சாதாரண எஸ்எம்எஸ். டேட்டா இல்லாத 2ஜி சிக்னலிலும் அது போய்ச் சேரும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070.

போன் தொலைந்தால் முதல் வேலை சிம்மை முடக்குவது. பிறகு காவல் நிலையத்தில் புகார். அதே நம்பரில் டூப்ளிகேட் சிம் வாங்கி வேறு போனில் வாட்ஸ்அப் போட்டதும் பழைய போனில் கணக்கு தானாக வெளியேறும். புகார் நகலையும் தாளில் எழுதி வைத்த ஐஎம்இஐ எண்ணையும் கொண்டு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனையே முடக்கலாம். அந்தத் தளத்திலேயே உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்றும் பார்க்கலாம். உங்களுக்குத் தெரியாத நம்பர் ஏதாவது இருந்தால் அங்கேயே நாட் மை நம்பர் என்று குறித்து அனுப்புங்கள்.